தொழினுட்பக் கல்வியில் இணையத்தின் பங்கு



கல்வி இருவகைப்படும். கேட்டும் படித்தும் பெறுவது ஒருவகை. செய்து பழகிப் பெறுவது மற்றொருவகை. வரலாறும் இலக்கியமும் பெரும்பாலும் முதல்வகையைச் சார்ந்தன. தச்சும் கொல்லும் நெசவும் இரண்டாம் வகையைச் சார்ந்தன. பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் தொழினுட்பப் பாடங்களோ இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பன. மின்சுற்றுப் பற்றிய விதியை ஏட்டிற் படித்துவிடலாம். ஆனால் சுற்றொன்றைத் தன் கையால் அமைத்து, அஃது இயங்காதபோது பிழை எங்கே உள்ளதெனத் தேடிக் கண்டவரே அவ்விதியை உண்மையிற் கற்றவராவர். கணினிக்கு நிரல் எழுதுதலும் அத்தகையதே.

இத்தகைய பாடங்களை இணையத்தின் வழியாகக் கற்பித்தல் இயலுமா? இயலுமாயின் எவ்வளவுக்கு இயலும்? கருவி வந்தபின் ஆசிரியருக்கு வேலை என்ன? இவ்வினாக்களுக்கு ஊகத்தால் விடை கூற வேண்டிய காலம் கடந்துவிட்டது. கடந்த 25 ஆண்டுகளிற் பல நாடுகள் இவ்வழியிற் செய்து பார்த்தவை பல. சிலவற்றில் அவை வெற்றி கண்டன. சிலவற்றில் தோல்வி கண்டன. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கின் விடை தானே புலப்படும்.

தொலைவிலிருந்து கற்பித்தல் இணையத்தோடு பிறந்ததன்று. அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள அலிஸ் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரில் 1951ஆம் ஆண்டில் 'வானொலிப் பள்ளி' ஒன்று தொடங்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலே தனித்திருந்த பண்ணை வீடுகளின் பிள்ளைகள் சிற்றலை வானொலியின் வாயிலாக ஆசிரியரோடு உரையாடிப் படித்தனர். அம்முறை பின்னர் அந்நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. மேற்கு அவுஸ்திரேலியப் பாலைநிலக் குடியிருப்பொன்றில் இளமையைக் கழித்து, இவ்வாறு வானொலியிற் பாடங் கேட்டு வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் மார்ட்டின் டூகியாமஸ். அவரே பிற்காலத்திற் பேர்த் நகரத்துக் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவராயிருந்தபோது 'மூடில்' என்னும் கற்றல் முகாமைத்துவ முறைமையை உருவாக்கினார். அதன் முதற் பதிப்பு 2002ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் வெளியாயிற்று. எவரும் விலையின்றிப் பெற்றுத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளுமாறு அது வெளியிடப்பட்டமையால், செல்வ வளம் குறைந்த நாடுகளும் அதனை ஏற்றுக்கொண்டன. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவும் இன்று பயன்படுத்துவது இதனையே.

இத்தகைய முறைமை செய்வது யாது? விரிவுரைக் குறிப்பு, ஒளிப்பதிவு, பயிற்சி வினா, ஒப்படை, பெற்ற புள்ளி, மாணவரின் ஐயம், ஆசிரியரின் மறுமொழி ஆகிய யாவற்றையும் அஃது ஓரிடத்தே சேர்த்து வைக்கின்றது. வகுப்பில் ஒருமுறை கேட்டு விளங்காத பகுதியை இரவிற் பத்துமுறை கேட்கலாம். தொழினுட்பப் பாடங்களுக்கு இப்பயன் பெரிது. அங்கே ஒரு படி விளங்காவிடின் அடுத்த படியும் விளங்காது. எனினும் இதுவரை கூறியது நல்லதொரு நூலகத்தின் பணியே. செய்து கற்றலுக்கு இது போதாது. அதன்பொருட்டு வேறு கருவிகள் தோன்றின.

அவற்றுள் முதலாவது, மாணவர் எழுதிய நிரலைத் தானே இயக்கிச் சோதிக்கும் கருவி. ஸ்பெயின் நாட்டு லாஸ் பல்மாஸ் பல்கலைக்கழகத்தினர் மூடிலுடன் இணைத்துப் பயன்படுத்துமாறு இத்தகைய நிரலாக்க ஆய்வுகூடமொன்றை ஆக்கி வழங்கியுள்ளனர். எடுத்துக்காட்டாக, தரப்பட்ட எண்களின் சராசரியைக் காணும் நிரலொன்றை எழுதுமாறு மாணவரிடம் கூறப்படுகின்றது எனக் கொள்வோம். மாணவர் எண்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, நிரலை ஒப்படைக்கின்றார். கருவி அதனைப் பலவகைத் தரவுகளோடு இயக்கிப் பார்க்கின்றது. அவற்றுள் ஒன்றில் எண்ணே இல்லை; அப்போது பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து நிரல் நின்றுவிடுகின்றது. 'நான்கு சோதனைகளிற் சித்தி, ஒன்றிற் பிழை' என்னும் விடை சில விநாடிகளில் வந்துவிடும். 200 மாணவர் பயிலும் வகுப்பில் இவ்வளவு விரைவில் எந்த ஆசிரியரும் திருத்திக் கொடுத்தல் இயலாது. மாணவர் நாணமின்றி மீண்டும் மீண்டும் முயலலாம்.

ஆயினும் இதன் குறையும் இங்கேயே உள்ளது. கருவி பிழையைச் சுட்டும். பிழை பிறந்த எண்ணத்தைச் சுட்டாது. விளங்காத மாணவர் கண்ணை மூடிக்கொண்டு நிரலை இங்குமங்கும் மாற்றிப் பார்ப்பார். பக்கத்தில் ஆசிரியர் இருப்பின், "எண்ணே இல்லாதபோது சராசரி என்று எதனைக் கூறுவீர்?" என ஒரு வினா வினவுவார். அவ்வொரு வினாவில் மாணவரின் சிந்தனை நேராகிவிடும்.

இரண்டாவது, போலச் செய்து காட்டும் கருவி. திரையிலே மின்தடையும் கொள்ளளவியும் வரைந்து சுற்றை இணைத்தால், மின்னோட்டமும் மின்னழுத்தமும் எவ்வாறு மாறுமென அது கணித்துக் காட்டும். எத்தனை முறை பிழைவிட்டாலும் எதுவும் எரிந்துபோவதில்லை, செலவுமில்லை. ஆனால் திரையிலுள்ள மின்தடை தன் பெறுமானத்திற் சிறிதும் மாறாதது. கடையில் வாங்கும் மின்தடையோ குறித்த பெறுமானத்திலிருந்து நூற்றுக்கு 5 வரை வேறுபடலாம். சூடேறினால் இன்னும் மாறும். கம்பியின் பற்றாசு விட்டிருக்கும். பொறியியலாளரின் வாழ்நாள் இவற்றோடு போராடுவதிலேதான் கழிகின்றது.

இக்குறையை ஓரளவு நீக்க வந்தது மூன்றாவது கருவியாகிய தொலைநிலை ஆய்வுகூடம். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே 1998ஆம் ஆண்டிற் பேராசிரியர் ஜெசூஸ் டெல் அலாமோ இதனைத் தொடங்கினார். திரான்சிற்றர் முதலிய குறைகடத்திச் சாதனங்களின் இயல்பை அளக்கும் கருவி பெருவிலையுடையது; மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று வாங்குதல் எந்நிறுவனத்துக்கும் ஆகாது. அவர் அக்கருவியை இணையத்தோடு இணைத்தார். மாணவர் தம் அறையிலிருந்து, கொடுக்கவேண்டிய மின்னழுத்தங்களைக் குறித்து அனுப்புவர். ஆய்வுகூடத்திலுள்ள உண்மைச் சாதனத்தின்மீது அளவீடு நடைபெறும். பெறுபேறு திரும்பி வரும். ஓர் அளவீட்டுக்குச் சில விநாடிகளே செல்லுமாதலின், ஒரு கருவி இரவும் பகலும் பெருந்தொகையானோருக்குப் பயன்பட்டது.

இவ்வேற்பாடு பின்னர் ஆபிரிக்காவுக்குச் சென்றது. நைஜீரியாவின் ஒபாபெமி அவொலொவோ பல்கலைக்கழகம், உகண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகம், தன்சானியாவின் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இதிற் பங்குகொண்டன. ஆங்கே ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்கும் கிடைத்த இணைய இணைப்பு மிகக் குறுகியதாயிருந்தது. அமெரிக்க மாணவருக்கு நொடியிற் கிடைத்த பக்கம் அவர்களுக்கு எளிதில் வந்து சேரவில்லை. அவர்கள் செய்தது யாதெனின், கடல் கடந்த கருவியை நம்பி வாளாவிருக்காமல், குறைந்த செலவிற் கிடைத்த அளவீட்டுத் தளங்களைக் கொண்டு தம் வளாகத்திலேயே தமக்கென ஆய்வுகூடங்களை அமைத்தனர். அவற்றை அமைத்தவருள் மாணவரும் இருந்தனர். பிறர் அமைத்த ஆய்வுகூடத்தைப் பயன்படுத்தியதிலும் தாமே ஒன்றை அமைத்ததில் அவர்கள் கற்றது மிகுதியாயிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இனி, உலகத்தின் கவனத்தை ஈர்த்த பெருமுயற்சிக்கு வருவோம். 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதே மசச்சூசெற்ஸ் நிறுவகம் தன் 'மின்சுற்றும் இலத்திரனியலும்' என்னும் பாடத்தை உலகத்தார் யாவருக்கும் கட்டணமின்றி இணையத்தில் திறந்துவிட்டது. பேராசிரியர் அனந்த் அகர்வாலும் அவர்தம் துணைவரும் அதனை நடத்தினர். விரிவுரை, பயிற்சி, சுற்றை அமைத்துப் பார்க்கும் திரை ஆய்வுகூடம், பரீட்சை யாவும் அதிலிருந்தன. பதிவு செய்தோர் 154,763 பேர். சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு 5 பேரும் இல்லை.

இவ்வெண்களை இருவகையாகவும் படிக்கலாம். ஒரே தவணையில் 7,157 பேர் கடினமான பொறியியற் பாடமொன்றிற் சித்தியடைந்தமை இதற்கு முன் எந்த வகுப்பறையிலும் நிகழாத செயல். மறுபுறம், தொடங்கியவருட் பெரும்பாலார் வழியிலே நின்றுவிட்டனர். அவருட் பலர் வேடிக்கை பார்க்க வந்தவராயிருக்கலாம். ஆயினும் முயன்று முடியாமற் போனவரும் இருந்திருப்பர் அல்லரோ? அப்பாடத்தின் பதிவேடுகளை ஆராய்ந்தோர் 2013இல் வெளியிட்ட கட்டுரையிலே கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. உடன் பயில்வார் ஒருவரோடோ, அத்துறை அறிந்த ஒருவரோடோ நேரில் இருந்து பயின்றவர், தனித்துப் பயின்றவரிலும் ஏறத்தாழ 3 புள்ளி மிகுதியாகப் பெறக்கூடியவராயிருந்தனர். உலகிற் சிறந்த விரிவுரை கையிலிருந்தபோதும், பக்கத்திலிருந்து பேச ஒருவர் வேண்டியிருந்தார்.

இவ்வுண்மையை இன்னும் தெளிவாகக் காட்டியது கலிபோர்னியாவிலுள்ள சான் ஹொசே அரசப் பல்கலைக்கழகம். அங்கே பயில்வோர் பலர் வேலை செய்துகொண்டே படிப்பவர். 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேற்கூறிய மின்சுற்றுப் பாடத்தையே அப்பல்கலைக்கழகம் தன் வகுப்பொன்றிற் கையாண்டது. மாணவர் விரிவுரையை வீட்டிலேயே இணையத்திற் பார்த்து வந்தனர். வகுப்பு நேரம் விரிவுரைக்கு வேண்டாததாயிற்று. அந்நேரத்தில் அவர்கள் சிறு குழுக்களாக இருந்து கணக்குகளைச் செய்தனர். விரிவுரையாளர் குழுவுக்குக் குழு சென்று விளக்கினார். அவ்வகுப்பில் நூற்றுக்கு 91 பேர் சித்தியடைந்தனர். முன்னைய முறையில் நடந்த வகுப்பிற் சித்தியடைந்தவர் நூற்றுக்கு 59 பேரே.

அடுத்த ஆண்டின் முற்பகுதியில், அதாவது 2013இல், அதே பல்கலைக்கழகம் வேறொரு நிறுவனத்துடன் சேர்ந்து கணிதப் பாடங்கள் மூன்றை முற்றாக இணையத்திலே நடத்திற்று. இங்கே வகுப்பறை இல்லை; இணையத்தின் வாயிலாகத் துணைபுரிவோர் மட்டும் இருந்தனர். சேர்ந்தவருள் ஏற்கெனவே அப்பாடத்திற் தவறியவரும் உயர்பள்ளி மாணவரும் இருந்தனர். சிலருடைய வீடுகளிற் கணினி வசதி இருக்கவில்லை. மூன்று பாடங்களிலும் சித்தி வீதம் நேரடி வகுப்புகளிலும் தாழ்ந்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் அம்முயற்சி இடைநிறுத்தப்பட்டது.

பாடங்களும் மாணவரும் வேறாதலின் இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் முறையன்று. முதல் வகுப்பினருக்குக் கிடைத்த கவனிப்பும் வழக்கத்தினும் மிகுதி. ஆயினும் பெரும்போக்குத் தெளிவு. கருவி ஆசிரியரின் நேரத்தை விடுவித்து, அந்நேரம் மாணவருக்கே திருப்பித் தரப்பட்டபோது மெலிந்த மாணவரும் உயர்ந்தனர். கருவியை மட்டும் கொடுத்து வகுப்பறையை எடுத்துவிட்டபோது, முதலில் வீழ்ந்தவர் அவ்வகுப்பறை எவருக்கு மிகவும் வேண்டியிருந்ததோ அவரே.

இலங்கைக்கு இப்படிப்பினை தொலைவிலுள்ளது அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனா நோயின் பொருட்டுப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இந்நாட்டு உயர்கல்வி முழுவதும் சில கிழமைகளுள் இணையத்துக்கு மாற நேர்ந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, நிகழ்நிலை வகுப்புகளுக்கு வழி செய்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அவற்றைக் கட்டணமின்றி அணுக இடமளித்தன. ஏறத்தாழ நூற்றுக்கு 90 மாணவர் இணையவழிக் கல்வியை அணுகக்கூடியவராயிருந்தனர் என ஆசிய அபிவிருத்தி வங்கி அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வொன்று கூறிற்று. சிறிய நாடொன்றுக்கு இது சிறிய சாதனை அன்று.

ஆனால் எஞ்சிய 10 பேர் யாவர்? 2021ஆம் ஆண்டிலே பதுளை மாவட்டத்து மலைக் கிராமமொன்றிற் பள்ளிப் பிள்ளைகள் தொலைபேசி அலையைத் தேடிப் பாறை உச்சிக்கு ஏறிச் சென்றதை உலகச் செய்தி நிறுவனங்கள் படத்துடன் வெளியிட்டன. அத்தகைய கிராமங்களிலிருந்தும் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகள் வருகின்றனர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் எத்தகைய கருவியும் வெறும் கண்ணாடித் தகடே.

தொழினுட்பம் பயில்வோரை நோக்கின் இது மேலும் சிந்திக்கத்தக்கது. க. பொ. த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. அதன் வழியே வருவோருக்கெனப் பல்கலைக்கழகங்களிற் தொழினுட்ப பீடங்கள் எழுந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரிலே உள்ளன. இப்பீடங்களுக்கு வருவோருட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துள் அடியெடுத்து வைப்பவர். பள்ளியிலே தமிழிலோ சிங்களத்திலோ பயின்றவர், இங்கே ஆங்கிலத்திற் பயில வேண்டியவராகின்றனர். இவர்களுக்கு இணையம் இருமுனையுடைய கருவி. நிறுத்தி நிறுத்திக் கேட்கக்கூடிய ஒளிப்பதிவு, விரைந்தோடும் ஆங்கில விரிவுரையிலும் இவர்களுக்கு நன்மை செய்யும். விலைகூடிய கணினி இல்லாதவரும் 'கோலாப்' போன்ற தளத்தில் நிரல் எழுதித் தொலைவிலுள்ள வலிய கணினியில் இயக்கலாம். ஆனால் ஐயம் வினவ நா எழாத மாணவர், திரைக்குப் பின்னே முற்றாக மறைந்து போதலும் இங்கேதான் எளிது. வகுப்பறையின் பின்வரிசையில் வாடிய முகத்தை ஆசிரியர் காண்பார். அணைத்து வைக்கப்பட்ட ஒளிப்படக் கருவிக்குப் பின்னாலுள்ள முகத்தை எவர் காண்பார்?

அண்மையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளியாயிற்று. அதன்பின் அதனையொத்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகின. முதலாண்டு மாணவருக்குக் கொடுக்கப்படும் நிரல் ஒப்படைகளை இவை நொடியில் எழுதிவிடுகின்றன. எழுதியது இயந்திரம், திருத்துவதும் இயந்திரம், இடையிலே புள்ளி பெறுபவர் மாணவர். அப்புள்ளியாற் பயன் யாது? இதற்கு மருந்து தடையுத்தரவு அன்று. மாணவரை அருகழைத்து, "இவ்வரியை நீக்கினால் என்ன நிகழும்?" என வினவுதலே மருந்து. ஐந்து நிமிட உரையாடல், ஐம்பது ஒப்படைகள் காட்டாததைக் காட்டிவிடும். அதற்கும் வேண்டியவர் ஆசிரியரே.

ஆதலின் செய்யத்தக்கவை சில உள. விரிவுரையை ஒளிப்பதிவாக்கி இணையத்தில் இட்டபின், மிஞ்சும் வகுப்பு நேரத்தைச் சிக்கனம் எனக் கருதிக் குறைத்தலாகாது. அந்நேரம் மாணவரோடு அமர்ந்து பயிற்சி செய்தற்கே உரியது. ஆசிரியர் தொகையைக் குறைக்கும் வழியாக இக்கருவிகளை வாங்கும் நிறுவனம், வாங்கிய பொருளின் பயனை முதல் நாளிலேயே இழந்துவிடும்.

அடுத்து, பாடங்களை மெலிந்த இணைப்புக்கும் சிறிய தொலைபேசிக்கும் ஏற்றவாறு ஆக்குதல் வேண்டும். நேரலை வகுப்பை மட்டுமே நம்பாது, முன்பே இறக்கி வைத்துப் படிக்கத்தக்க குறிப்பும் குறுகிய ஒளிப்பதிவும் தருதல் வேண்டும். ஆங்கிலக் கலைச்சொல்லின் பக்கத்தே தாய்மொழி விளக்கமும் இருத்தல் நன்று. இந்தியத் தொழினுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டில் தொடங்கிய 'என்பிடெல்' திட்டத்தின் விரிவுரைகள் பலவற்றின் எழுத்து வடிவம் இன்று தமிழிலும் கிடைக்கின்றது. இலங்கை மாணவரும் அவற்றை எடுத்தாளலாம்.

இறுதியாக, போலச் செய்து காட்டும் கருவியும் தொலைநிலை ஆய்வுகூடமும் செய்முறைக்கு முன்னே வருவனவாகக் கொள்ளப்படல் வேண்டும். செய்முறைக்கு மாற்றாக அன்று. திரையிலே பத்துமுறை பிழைவிட்டுப் பழகிய மாணவர், ஆய்வுகூடத்துள் நுழையும்போது உண்மைக் கருவியை வீணாக்காது பயன்படுத்துவார். கிடைத்தற்கரிய கருவியும் நேரமும் அதனால் மிஞ்சும். ஆனால் கம்பியைத் தொட்டு, பற்றாசின் வெம்மையை உணர்ந்து, இயங்காத சுற்றை இயங்கச் செய்யும் அந்நேரம் எந்த மாணவருக்கும் குறைக்கப்படலாகாது.

இணையம் உலகத்தின் சிறந்த பேராசிரியரைச் சிற்றூரின் மாணவர் முன் கொணர்ந்து நிறுத்துகின்றது. இது முன்னோர் கனவிலும் காணாத பேறு. அப்பேற்றின் பயன் நகரத்து வசதியுள்ள மாணவரோடு நின்றுவிடுமா, கிளிநொச்சியிலும் ஒலுவிலிலும் பதுளையிலும் உள்ள மாணவரையும் சென்றடையுமா என்பது கருவியைப் பொறுத்ததன்று. அக்கருவியின் பக்கத்தில் எத்தனை ஆசிரியரை அமர்த்துகின்றோம், அவர்களுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கின்றோம் என்பதையே பொறுத்தது. பல்கலைக்கழகங்களின் வரவுசெலவைத் தீர்மானிப்போர், கணினிகளுக்கும் இணைப்புக்கும் பணம் ஒதுக்கும் அதே பக்கத்திலே இதற்கும் ஒரு வரி எழுதுவாராயின், அந்தப் பத்துப் பேரும் வகுப்பினுள் வந்து சேர்வர்.